ரெண்டு சீட்டு மஞ்சள் வண்டி

சேலம் வரைக்கும் போறயா அம்மிணி? அப்பச் சரி, இப்படி உக்காந்துக்க. இந்தப் பை உன்ற காலுல இடிச்சா சொல்லு, மடியில வெச்சுக்கறேன். பெருசா ஒண்ணுமில்ல. நாலு ஆரஞ்சு, ரெண்டு பனியன், ஒரு துண்டு, அப்பறம் கொஞ்சம் பேப்பரு. பேப்பரு கசங்கக் கூடாதுன்னு அட்டைக்குள்ள வெச்சிருக்கிறேன். சேலத்துல எங்கயான்னு கேக்கறயா? ஜெயிலுக்கு. என்ற தம்பியப் பாக்கப் போறேன். செவ்வாக்கெழம ஆனா மனு போட்டுப் பாத்துட்டு வர்றது.

மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. அவன் திருடன் இல்ல. பொம்பளைங்க விசயத்துல ஒரு சொல்லு கெடையாது. பீடி கூடக் குடிக்க மாட்டான். ஒரு எறும்ப மிதிக்கோணும்னாலும் என்னையக் கேட்டுட்டுத்தான் மிதிப்பான். பூபதின்னு பேரு.

நான் ராஜாமணி. திருச்செங்கோட்டுல இருந்து சங்ககிரி போற ரோட்டுல யார்டு வெச்சிருக்கிறேன். யார்டுன்னா, பைனான்ஸ்ல வண்டி வாங்கிப்போட்டுத் தவணை கட்டாதவியகிட்ட இருந்து வண்டியப் புடிச்சாந்து நிறுத்தற எடம். அப்பறம் பைனான்ஸ்காரங்க ஏலம் போடுவாங்க, இல்ல நாங்களே வித்துக் குடுப்போம். லாரி, டிராக்டரு, டெம்போ, பைக்கு எல்லாம் நிக்கும். பொம்பள இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன்னு எல்லாருங் கேப்பாங்க. பூபதி இருந்தான், வந்தேன். அவ்வளவுதான்.

அவனுக்கு நாலு வயசுல எங்கம்மா போயிட்டா. எனக்குப் பதினாலு. நான்தான் வளத்தினேன். பள்ளிக்கூடத்துல எவனாச்சு அடிச்சா அழுதுட்டு வருவான். சோறு போட மாட்டேன். போயி அடிச்சிட்டு வா, அப்பறம் சாப்பிடுன்னு தாட்டி விட்டுருவேன். அடிச்சிட்டு வருவான், சோறு போடுவேன். அப்படித்தான் பழக்கினது. ஆம்பளப் பையன் அழுதுட்டு நின்னா நாளைக்கு யாரு மதிப்பாங்க?

அந்தப் பழக்கம் எனக்குத்தான் ஒதவுச்சு. என்னையக் கட்டுனவன் குடிச்சுப்போட்டு எங்கையில சூடு வெப்பான். இங்க பாரு, இந்தத் தழும்பு. ஒரு தடவ மளிகைக் கடைக்காரர்கிட்டச் சொல்லி விட்டேன், எந்தம்பிய வரச் சொல்லுங்கன்னு. அப்ப அவனுக்குப் பதினாறு. உலக்கையோட வந்தான். வாசல்ல நின்னு, என்ன பண்ணட்டும் அக்கான்னு கேட்டான். அடிடான்னேன். தாடை எலும்பு ரெண்டாப் போச்சு அந்தாளுக்கு. அப்பறம் என்னைய சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டான். அன்னைல இருந்து நாங்க ரெண்டு பேருந்தான். எனக்கு வயசு நாப்பத்தொம்பது, அவனுக்கு முப்பத்தொம்பது. கல்யாணம் பண்ணல. ஒரு பொண்ணு வந்துச்சு, பரமத்தியில, நல்ல புள்ளதான். தனிக்குடித்தனம் வெக்கோணும்னு சொல்லுச்சு. வேண்டாம்னு நான் சொல்லிப்போட்டேன். அவனும் ஒண்ணுஞ் சொல்லல. அவனுக்கும் இஷ்டமில்லைன்னுதான் நெனைக்கிறேன்.

இந்தக் கேசு எதுனாலன்னா, ஒரு காரு. மஞ்சக் கலரு. ரெண்டே பேரு உக்கார்ற காரு. ரேசு வண்டியாட்ட இருக்கும், தரையோட தரையா. இஞ்சின் பின்னால, டிக்கி முன்னால. சாவியத் திருப்புனா பக்கத்து ஊட்டுக் கொழந்தை எந்திரிச்சு அழுகும். திருச்செங்கோட்டுல அதாட்ட வண்டிய வெச்சுக்கிட்டு ஒருத்தன் என்ன பண்ணுவான் சொல்லு. தேர்வீதியத் தாண்டறதுக்குள்ள நாலு வேகத்தடை. ஒவ்வொண்ணுலயும் வயித்த ஒரசிக்கிட்டுத்தான் ஏறும்.

வாங்குனவன் நவநீதன்னு ஒரு பையன். பையன்னா முப்பது வயசு இருக்கும். அவிய அப்பா போர்வெல் ரிக்கு வெச்சிருந்தவரு, மூணு ரிக்கு. ஆந்திராவுலயும் சத்தீஸ்கருலயும் ஓடிட்டிருந்துச்சு. அவரு போனதுக்கப்பறம் இவன் கைக்கு வந்துச்சு. அந்த வருசம் நல்ல மழை. மழை பேஞ்சா ஊரெல்லாஞ் சந்தோசப்படும், ரிக்குக்காரன் மட்டும் தலையில கைய வெப்பான். இவன் அதுக்கு முந்தின வருசந்தான் பெங்களூர்ல இருந்து இந்தக் காரக் கொண்டாந்திருந்தான். ஏழு தவணை நின்னு போச்சு. பைனான்ஸ்ல இருந்து எங்களுக்கு லெட்டர் வந்துச்சு.

நாங்க ஒண்ணும் பூட்ட ஒடச்சுப் போறவிய இல்ல. ரெண்டு தடவ ஊட்டுக்குப் போனோம். வண்டி அங்க இல்ல, எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்தான். ஒளிச்சு வெச்சவன் ஒரு நா வெளிய கொண்டாந்துதானே ஆவோணும். வைகாசியில அவன் பொண்டாட்டியோட தம்பிக்குக் கல்யாணம். மண்டபத்து முன்னால வண்டி நின்னுச்சு. மல்லிப்பூவும் ரோஜாவும் சரஞ்சரமா ஒட்டி, மாப்பிள்ளையே பொண்ண ஏத்திக் கோயலுக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு. காலைல ஒம்பது மணி இருக்கும். நான் ரோட்டுக்கு அக்கட்ட ஜீப்புல உக்காந்திருந்தேன்.

பூபதி போயி லெட்டரக் காட்டினான். மாப்பிள்ளைகிட்டக் குடுக்கறதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிப் பாக்க நவநீதன் டிரைவர் சீட்டுல இருந்தான், பட்டு வேட்டி சட்டையோட. லெட்டரப் பாத்துட்டு எந்திரிக்காம என்னையப் பாத்துக் கும்புட்டான்.

"அக்கா, அரை மணி நேரங் குடுங்க. இவிய கோயலுக்குப் போயிட்டு வந்ததும் நானே யார்டுக்குக் கொண்டாந்து விட்டுர்றேன். ஒறம்பரையெல்லாம் பாக்குது."

பூபதி என்னையத் திரும்பிப் பாத்தான். அவனுக்கு அரை மணி நேரம் குடுத்தாப் பரவால்லன்னு தோணியிருக்கும்போல. நான் தலைய ஆட்டினேன், வேண்டாம்னு. ஏழு மாசம் ஒளிச்சு வெச்சவன் அரை மணி நேரத்துல சென்னிமலையத் தாண்டிர மாட்டானா?

பூபதி பொடனியப் புடிச்சான். அந்த வண்டியில இருந்து ஒரு ஆள வெளிய எடுக்கறது குழியில இருந்து தூக்கறாட்ட. தலை மேக்கம்பியில இடிச்சுக் காது கிழிஞ்சுது. அவன் ஸ்டியரிங்க உடாமப் புடிச்சிட்டு பூபதி மணிக்கட்டக் கடிச்சுப்போட்டான். கடிச்சா என்ன பண்ணுவாங்க? வாயிலயே மூணு குத்து உட்டான். மூணாவது குத்துல பல்லு வந்துருச்சு. வேட்டி அவுந்து போச்சு. ரோட்டுல முட்டி போட்டு, வெறும் டவுசரோட, மாமியாரு மாமனாரு எல்லாம் பாக்க, பல்லத் தேடிட்டிருந்தான். அந்தக் கல்யாணப் பொண்ணு மாலையோட நின்னுட்டிருந்துச்சு. எனக்கே கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனாத் தொழிலு.

பூபதி வண்டிய ஓட்டிட்டு வந்தான். நான் ஜீப்புல பின்னாலயே வந்தேன். வழி நெடுகப் பூவு பிச்சுப் பிச்சுப் பறந்து எங்க ஜீப்புக் கண்ணாடியில ஒட்டுச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் ஆட்டோவுல போனாங்களாம். ஆட்டோவுல போனா என்ன, கொறஞ்சா போயிருவாங்க?

அப்பறம் ஏலம் போட்டாங்க. எவனும் கேக்கல. மலிவாப் போகுதேன்னு நானே எடுத்துட்டேன். வரிக் கணக்குக்குத் தோதா இருக்கும்னு ஆடிட்டரு சொன்னாரு, வண்டிய பூபதி பேருல பதிஞ்சேன். பேருக்குத்தான். ஆனா இவன் அந்த ஆர்.சி.ய ஒரு நகல் எடுத்துச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். தெனமும் வண்டியக் கழுவுவான். மத்தியானம் சோறு தின்னுபோட்டு அதுக்குள்ள போயி உக்காந்துக்குவான், ஸ்டார்ட் பண்ண மாட்டான், சும்மா உக்காந்திருப்பான். ஒரு நா என்னைய வந்து கேக்கறான்.

"அக்கா, இத நாமளே வெச்சுக்கலாமா?"

"எதுக்குடா? நீயும் நானும் ஜோடியா ஊட்டிக்குப் போறதுக்கா?" ன்னு கேட்டேன். யார்டுல இருந்தவிய எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதோட உட்டுட்டான்.

விக்கறதுதான் பெரும்பாடு. வர்றவன் எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவான், போயிருவான். நாமக்கல்ல இருந்து ஒரு டாக்டரு வந்தாரு. நல்ல தாட்டியான மனுசன். உள்ள போயிட்டாரு, வெளிய வர முடியல. பூபதியும் அவரு டிரைவரும் ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்தாங்க. எறங்குனதும் காத்தா மறைஞ்சிட்டாரு. அதாட்டப் பொருளு. அதையும் வித்திருப்பேன், அந்த நவநீதன் மட்டும் இல்லாம இருந்திருந்தா.

அவன் என்ன பண்ணான்னா, எங்க யார்டுக்கு எதுத்தாப்புல ஒரு சின்னப் பாலம் இருக்குது. அந்தப் பாலத்துக் கட்டையில வந்து உக்காந்துக்குவான். காலைல பத்து மணிக்கு வந்தான்னா பொழுதோடத்தான் போவான். அவனுக்கும் வேற சோலி இல்ல, ரிக்கு மூணும் போயிருச்சு, பொண்டாட்டியும் அவிய அம்மா ஊட்டுக்குப் போயிருச்சு. மண்டபத்துல நடந்ததுக்கப்பறம் அந்தப் புள்ளைக்கு அவன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலியாம். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?

எங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டான். வண்டி பாக்க வர்றவியகிட்டப் போயி வாயத் தொறந்து காட்டுவான். முன்னால மூணு பல்லு இல்ல. "இந்த வண்டிக்காக என்னைய அடிச்சது. உள்ள கால் வெக்கற மேட்டத் தூக்கிப் பாருங்க, ரத்தம் இருக்கும்" னு சொல்லுவான். ரத்தமெல்லாம் பூபதி அன்னைக்கே கழுவிட்டான். ஆனா சொன்னதுக்கப்பறம் எவன் வாங்குவான்? மூணு பேரு திரும்பிப் போனாங்க. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன்.

ஒரு நா பூபதியக் கூப்புட்டேன். அவன இந்தப் பக்கம் வராமப் பண்ணுடான்னேன்.

"எப்படிக்கா?"

"எப்படின்னு நாஞ் சொல்லித் தரோணுமா?"

 அவன் வீல் ஸ்பேனர எடுத்துட்டு ரோட்டத் தாண்டிப் போனான். நவநீதன் ஓடல. பாலத்துக் கட்டையில வலது கைய ஊணி உக்காந்திருந்தான், அப்படியே உக்காந்திருந்தான். பூபதி அந்தக் கை மேல ஒரே அடி. ரெண்டு விரலுதான். கத்துனது பெட்ரோல் பங்கு வரைக்கும் கேட்டுச்சாம். அதுவே போதும்னு நான் இங்கிருந்து சொன்னேன், திரும்பி வந்துட்டான். பாரு, போதும்னா நிறுத்திருவான் அவன். சொன்ன சொல்லத் தாண்ட மாட்டான்.

அன்னைக்கு மத்தியானம் சோத்துல கை வெக்கல. கைய சோப்புப் போட்டு நாலஞ்சு தடவ கழுவிட்டு வந்து உக்காந்தான், மறுபடியும் எந்திரிச்சுப் போயிக் கழுவுனான். என்னடான்னா, "கையில அந்தச் சத்தம் இருக்குதுக்கா" ங்கறான். சத்தம் எங்கயாவது கையில இருக்குமா? நானே பெசஞ்சு ஊட்டி உட்டேன். சின்னப் புள்ளையாட்ட வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கிட்டான்.

போலீசுக்குப் போவான்னு பாத்தேன், நவநீதன் போவல. ஒரு மாசம் ஆளே வரல. நானும் சனி உட்டுச்சுன்னு நெனச்சேன்.

ஆவணி கடைசியில கரூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. பஸ்ஸுக்கு பாடி கட்டற கம்பெனி வெச்சிருக்கிறவரு, நாகராஜன்னு பேரு. ஒல்லி மனுசன், ஏறி எறங்குனாரு, ஒரு ரவுண்டு போனாரு, எந்தக் கேள்வியும் கேக்கல. வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்து வந்து எடுத்துக்கறேன்னாரு. எனக்குச் சந்தோசம். பூபதிகிட்டச் சொன்னேன். சரிக்கான்னான். வியாழக்கெழம பூராவும் வண்டியத் தொடச்சுக்கிட்டே இருந்தான்.

வெள்ளிக்கெழம பத்தே காலுக்கு பூசை. பொட்டு வெச்சு, மாலை போட்டு, சூடங் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேன். அவரோட டிரைவரு போன்ல படம் புடிச்சிட்டிருந்தான். பூபதி உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணான். பழத்து மேல ஏத்தி கேட்டுக்கு வெளிய கொண்டு போயி அவருகிட்டச் சாவியக் குடுக்கோணும். அதுதான் பேச்சு.

அப்பத்தான் அவன் வந்தான். கையில கட்டோட. கேட்டுக்குள்ள நடந்து வந்து, வண்டிக்கு முன்னால, ஒரு பத்தடி தள்ளி, சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டான். கத்தல, கெட்ட வார்த்தை பேசல. கத்தி கித்தி எதுவும் கொண்டாரல. வக்கீலு கத்தி இருந்துச்சான்னு என்னையத் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. இல்லியே.

"என்றா வேணும் உனக்கு?" ன்னு கேட்டேன்.

"வண்டி வேண்டாங்க்கா. அதே மண்டபத்துக்கு வாங்க. மாமனாரு ஊட்டுக்காரங்கள நான் வரச் சொல்றேன். அவிய முன்னால, தெரியாமப் பண்ணிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்ற பொண்டாட்டி கேக்கற மாதிரிச் சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிர்றேன், இந்தப் பக்கமே வர மாட்டேன்."

நான் எதுக்கு அம்மிணி சொல்லோணும்? தவணை கட்டாதது அவன். வண்டிய ஒளிச்சது அவன். கையக் கடிச்சது அவன். நாலு பேரு முன்னால நான் போயி மன்னிப்புக் கேட்டா அப்பறம் எந்த வண்டியப் புடிக்கப் போவேன்? எங்க யார்டுல ஒருத்தன் வந்து தரையில உக்காந்தா நாங்க எறங்கிப் போவோம்னு ஊரு பூராவும் தெரிஞ்சு போகும்ல.

கரூர்க்காரரு பின்னால நகர ஆரம்பிச்சாரு. "ஏனுங்க, இந்த வில்லங்கமெல்லாம் இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லியே. எனக்கு இது வேண்டாங்க" ன்னாரு. நாலு மாசமா நின்ன வண்டி. என்ற கண்ணு முன்னால கையவிட்டுப் போகுது.

பூபதி கண்ணாடிய எறக்கிட்டு என்னையப் பாத்தான். நான் ஜன்னலோரமா நின்னிருந்தேன்.

"எடுடா" ன்னேன்.

அவன் எடுக்கல. என்னையவே பாத்துட்டிருந்தான். "அக்கா, கீழ உக்காந்திருக்கறான்" னான்.

"எனக்குக் கண்ணு இல்லியா? எடுடா."

எந்திரிச்சு ஓடிருவான்னுதான் நான் நெனச்சேன். யாரா இருந்தாலும் ஓடுவாங்களா இல்லியா? அந்த வண்டி உறுமுனா எருமையே ஓடும். ஆனா அவன் ஓடல. பூபதியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.

அந்த வண்டி மெதுவாப் போறதுக்குச் செஞ்ச வண்டி இல்ல. காலு வெச்சா அம்பு. ஒசரமான வண்டியா இருந்தாக்கூட மேல ஏறி அக்கட்ட போயிருக்கும். இது தாழ்வு. ஏறல. அவனத் தள்ளிக்கிட்டே போயி கேட்டுத் தூணுல வெச்சு அழுத்துச்சு. தேங்காய ஒடச்சாட்ட ஒரு சத்தம். பெருஞ்சத்தம் கூட இல்ல. அவன் கத்தல. வாயில இருந்து காத்து மட்டும் வந்துச்சு. கரூர்க்காரரு அங்கியே குனிஞ்சு வாந்தி எடுத்துப்போட்டாரு. தூணு ஓரமா செகப்பா ஓடி வந்து, பூசைக்குப் போட்ட கோலத்துல சேந்துச்சு.

பூபதி வண்டியப் பின்னால எடுத்தான். எறங்கி ஓடி அவன் தலைய மடியில வெச்சுக்கிட்டான். நவநீதா, நவநீதான்னு பேரச் சொல்லிக் கூப்புடறான். அது வரைக்கும் ஒரு நாளும் அவனப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்டான்னு சொல்லச் சொல்ல, அவனக் கொழந்தையாட்ட ரெண்டு கையிலயும் தூக்கி, அந்த வண்டியில எச்சா இருக்கற ஒரே சீட்டுல வெச்சு, பெல்ட்டப் போட்டு, எடுத்தான் பாரு. ஈரோட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். இவன் பதினோரு நிமிசத்துல போயிட்டான். பத்து நிமிசம் தாமசமாயிருந்தா உசுரு நின்னிருக்காதுன்னு டாக்டரு சொன்னாராம். அந்த வண்டி அதோட வேகத்துக்கு ஓடுனது அன்னைக்கு ஒரு நாத்தான்.

ஆஸ்பத்திரியில அவனச் சேத்துப்போட்டு, நேரா போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்து போயிருக்கறான். என்னையக் கேக்கவே இல்ல. நான்தான் வேணும்னே ஏத்துனேன்னு எழுதிக் குடுத்துட்டான். யாரு சொல்லி ஏத்துனேன்னு கேட்டிருக்காங்க. யாரும் சொல்லல, நானாத்தான்னு சொல்லிட்டான். கொல முயற்சின்னு போட்டாங்க.

நவநீதனுக்கு உசுருக்கு ஒண்ணுமில்ல. இடுப்புக்குக் கீழதான் உணர்ச்சி இல்ல. சக்கர நாற்காலி. பொண்டாட்டி திரும்பி வந்துட்டா, கூடவே இருந்து எல்லாம் பண்ணி உடறா. பிரிஞ்சவிய ஒண்ணு சேந்தது எங்களாலதான்னு கூடச் சொல்லலாம். அத எவனும் நெனைக்க மாட்டான்.

அப்பறம் என்னைய விசாரிச்சாங்க. எங்க வக்கீலு முன்னாலயே சொல்லிட்டாரு. "அம்மா, ரெண்டு பேரும் உள்ள போயிட்டா வெளிய யாரு ஜாமீன் எடுக்கறது? நிறுத்து நிறுத்துன்னு நீங்க கத்துனீங்க, அவரு கேக்கல. அப்படிச் சொல்லுங்க." அந்த டிரைவரு புடிச்ச படத்துலயும் ஒண்ணுங் கேக்காது. அந்த இஞ்சின் சத்தத்துல என்ற வாயி அசையறது மட்டுந்தான் தெரியும். நிறுத்துன்னு சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் நல்லதுக்குத்தான். உங்கிட்ட எதுக்கு மறைக்கோணும், நீ யாரோ நான் யாரோ, சேலத்துல எறங்குனா உன்ற வழி உனக்கு.

என்ற வாக்குமூலத்தக் கோர்ட்டுல அவனுக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அதுல இருந்து அவன் என்னையப் பாக்க வரல. நாலு வாரம் மனு போட்டேன், நாலு வாரமும் வரமாட்டேங்கறான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வண்டிய விக்கப் போறேன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அதுக்குக் கோவம்னு நெனச்சேன். ஆமா, ஓசூர்ல ஒருத்தன் கேக்கறான். அந்தப் படத்தப் பாத்துட்டு, அதே வண்டிதான் வேணும்ங்கறான். எச்சாவே தர்றேங்கறான், எப்படியெல்லாம் ஆளுக இருக்குது பாரு. வண்டி கோர்ட்டுல இருந்து வெளிய வந்துருச்சு, கேசு முடியற வரைக்கும் கை மாத்தக் கூடாதுன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள பேப்பரத் தயார் பண்ணி வெச்சுக்கலாம்ல. வண்டி இவன் பேருல கெடக்குதே. அவன் கையெழுத்து வேணும்.

போன வாரம் வந்தான்.

நடுவுல கண்ணாடி. இக்கட்ட ஒரு போனு, அக்கட்ட ஒரு போனு. எளைச்சுப் போயிட்டான். மொட்டை அடிச்சிருக்கறான். நான் போன எடுத்ததும், சாப்புட்டயாடான்னேன். 

"பேப்பரு கொண்டாந்திருக்கறியாம். போட்டுத் தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுக்கா."

"என்றா?"

"நீ நிறுத்துன்னு சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல?"

 அந்தப் போனுல பேசறதெல்லாம் பதிவாகும்னு வக்கீலு சொல்லியிருந்தாரு. பாத்துப் பேசுங்கம்மான்னு. நிறுத்தியிருப்படான்னு சொன்னா நான் நிறுத்துன்னு சொல்லலைன்னு ஆயிரும்ல? நீயே யோசிச்சுப் பாரு.

"நான் நிறுத்துன்னுதான்டா சொன்னேன்" னேன்.

அவன் அப்படியே என்ற வாயப் பாத்துட்டிருந்தான். அந்தப் படத்துல பாக்கறாட்ட. 

"அப்ப எனக்குக் கேக்கலியா?" ன்னான்.

"கேக்கல போல இருக்குதுடா. இஞ்சின் சத்தம்."

"நீ நிறுத்துன்னு சொல்லியும் நான் ஏத்திட்டேனா?"

அவன் போனக் கீழ வெச்சான். வெச்சுப்போட்டு நெத்திய அந்தக் கண்ணாடியில கொண்டாந்து அடிச்சான் பாரு. ஒண்ணு. ரெண்டு. நானும் கண்ணாடிய ரெண்டு கையிலயும் தட்டறேன், நிறுத்துடா, நிறுத்துடா பூபதின்னு தொண்டை கிழியக் கத்தறேன். போனக் கீழ வெச்சுட்டானே, அவனுக்கு எங்க கேக்கும்? மூணு, நாலு. கண்ணாடி பூராவும் ரத்தம், மூஞ்சி தெரியல. வார்டருங்க நாலு பேரு வந்து காலப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. நெத்தியில ஏழு தையலாம். தனியா ஒரு ரூம்புல வெச்சிருக்கறாங்களாம்.

என்ன அம்மிணி, கண்ணு கலங்குது உனக்கு? துடைச்சுக்க. நானே அழுகல.

வாரம் பூராவும் எனக்கு இதே யோசனைதான். கோயல்ல உக்காந்து யோசிச்சேன், யார்டுல அந்தத் தூணப் பாத்து யோசிச்சேன். பதிவாகுதோ என்னமோ, போலீசு கேட்டாக் கேக்கட்டும். இன்னைக்கு அவன் வந்தா, சாப்புட்டயான்னு கேக்கப் போறதில்ல. போன எடுத்ததும், நீ நிறுத்தியிருப்ப கண்ணு, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பன்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். சொன்னா மனசு எளகிக் கையெழுத்துப் போட்டுருவான்.

கண்டக்டரு ஜெயிலுன்னு கூப்புடறாரு பாரு. கொஞ்சம் கால நகத்து, எறங்கிக்கறேன். அது பொய்யும் இல்ல அம்மிணி. நிறுத்தியிருப்பான்.